முன் அனுபவம் யார் கொடுப்பது?

போன பதிவு காங்கயம் மாடு பற்றியது. இதையும் மாட்டில்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் கதை மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும். கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

சித்திரையில் காங்கயம் பக்கம் கண்ணபுரத்தில் மாட்டுச் சந்தை கூடும். உழவுக்கு மாடு தேடியவர்கள் நிறைய இருந்த காலத்தில், காளை வாங்க வருகிறவர் பல்லைப் பார்த்த கையோடு கேட்கும் கேள்வி, "ஏர் பழகினதுங்களா?" பழகிய காளைக்கு ஒரு விலை, பழகாததற்கு ஒரு விலை. பழகாத காளையை வாங்கினால், நம்ம தோட்டத்தில் ஏற்கெனவே பழகிய ஒரு காளையோடு சோடி சேர்த்துப் பூட்ட வேண்டும். முதல் சில நாள் சால் நேராக வராது. ஒரு ஏக்கர் ஓட்ட வேண்டிய நேரத்தில் அரை ஏக்கர்தான் ஓடும். பழகின காளைக்கும் எரிச்சல், ஓட்டுகிறவருக்கும் எரிச்சல். அந்தக் கோணல் சாலை யாரோ ஒருத்தர் தன் காட்டில் பொறுத்துக்கொண்டதால்தான் அடுத்த வருஷம் அது 'பழகின காளை' ஆனது.

இன்று வேலை விளம்பரங்களில் 'குறைந்தது 2 வருட முன் அனுபவம்' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோணல் சால்தான் ஞாபகம் வரும். அனுபவம் என்றால், புதுசாக வந்தவன் செய்யும் நட்டத்தை யாரோ ஒருத்தர் தாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். எங்க கொங்குப் பக்கத்தில் நூற்றைம்பது வருஷமாக அந்த நட்டத்தை யார் யார் தாங்கினார்கள் என்று பார்த்தால், இன்றைக்குப் பசங்க ஏன் முட்டுச்சந்தில் நிற்கிறார்கள் என்பது விளங்கும்.

பழைய ஊரில் கொல்லுப் பட்டறைதான் பள்ளிக்கூடம். பையன் முதலில் துருத்தி ஊதுவான். பிறகு குறடு பிடிப்பான். கை உறுதியான பிறகு சம்மட்டி. கொழு அடிக்கும் அளவுக்கு வர வருஷக்கணக்காகும். அவன் கெடுத்த இரும்பு ஆசாரியின் கணக்கு. ஆசாரிக்கோ அறுவடையில் ஊர் கொடுக்கும் தவசம். ஆக, சுற்றி வளைத்துப் பார்த்தால் ஊரே சேர்ந்துதான் அந்தப் பையனைப் பழக்கியது. 'முன் அனுபவம் இருக்கா?' என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆனால் 'யார் மகன்?' என்று கேட்டார்கள். ஆசாரி மகன்தான் துருத்தி ஊத முடியும். பண்ணையாள் வீட்டுப் பையன் பண்ணையத்து ஆட்டையும் மாட்டையும்தான் மேய்க்க முடியும், அதுவும் அப்பன் வாங்கிய முன்பணத்துக்காக. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் புகழ்வது நேர்மை இல்லை. பழக்கிவிட்டவர் நட்டப்படாததற்குக் காரணமே, பழகினவன் வேறெங்கும் போக முடியாது என்பதுதான்.

வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த சட்டமும் இதே கணக்கைத்தான் எழுதியது. 1850-ல் வந்த பழகுநர் சட்டம் அனாதைக் குழந்தைகளையும் ஏழைக் குழந்தைகளையும் மனதில் வைத்துப் போடப்பட்டது. 10 வயதிலிருந்து 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளையை 7 வருஷம் வரைக்கும் ஒரு முதலாளியிடம் ஒப்பந்தம் எழுதிக் கட்டிவைக்கலாம். 1859-ல் இன்னொரு சட்டம்: முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் தண்டனை. 1925-ல்தான் அது நீங்கியது.

அப்புறம் மில் வந்தது. 1888-ல் கோவையில் ஸ்டேன்ஸ் மில். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் மளமளவெனப் பெருகின. மழை பொய்த்த காட்டை விட்டு ஆட்கள் கிளம்பினார்கள். உள்ளே போக வழி, மேஸ்திரி. சொந்தக்காரரோ ஊர்க்காரரோ சொல்ல வேண்டும், மேஸ்திரி மனசு வைக்க வேண்டும். உள்ளே போனதும் நேராக மிஷினில் விட மாட்டார்கள். 'பதிலி'யாகத்தான் சேர்க்கை.

என் பெரியப்பா அப்படிப் பல வருஷம் பதிலியாக இருந்தவர். சங்கு ஊதுவதற்கு முன்னால் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தர ஆள் யாராவது வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு இவரைக் கூப்பிடுவார்கள். எல்லோரும் வந்துவிட்டால் தூக்குப்போசியோடு திரும்பி சைக்கிள் மிதிக்க வேண்டியதுதான். பகல் ஷிப்டுக்குக் கிடைக்காவிட்டால் அரை நைட்டுக்கு மறுபடி போவார். "கேட்டுல நின்ன நேரத்துக்குக் கூலி குடுத்திருந்தா ரெண்டு ஏக்கர் வாங்கியிருப்பேன் கண்ணு" என்பார். 1946-ல் வந்த நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகளில் நிரந்தரத் தொழிலாளி, தற்காலிகத் தொழிலாளி, பழகுநர் என்று வரும் வரிசையில் பதிலிக்கும் ஓர் இடம் இருந்தது.

கவனிச்சீங்களா? இங்கே செலவு கொஞ்சம் கைமாறிவிட்டது. அறுந்த நூல் மில்லின் நட்டம். காத்திருந்த நாள் தொழிலாளியின் நட்டம். ஆனாலும் அந்த வரிசைக்கு ஒரு முடிவு இருந்தது. நாலைந்து வருஷம் நின்றால் பெர்மனென்ட்.

சுதந்திரத்தை ஒட்டி, இந்தச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்காக 1945-ல் ஆரம்பித்த வேலைவாய்ப்பு அலுவலகம் 1948-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1950-ல் ஐடிஐ பயிற்சித் திட்டம். 1959-ல், காலி இடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம். மேஸ்திரியைத் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். பத்தாவது முடித்ததும் பதிவு, மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல், சீனியாரிட்டி. எங்க ஊரில் ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாகப் பத்திரமாக வைத்த அட்டை அதுதான். வரிசை மெதுவாக நகர்ந்தது. ஆனால் அது அனுபவத்தையும் கேட்கவில்லை, சாதியைச் சொல்லி வெளியேயும் தள்ளவில்லை.

1961-ல் புதிய பழகுநர் சட்டம். கம்பெனிகள் பழகுநர்களை எடுக்க வேண்டும், உதவித்தொகை கொடுக்க வேண்டும். 1973-ல் டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அதில் இரண்டு விஷயம். ஒன்று, பழகுநர் 'தொழிலாளி' கணக்கில் வரமாட்டார். இரண்டு, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காளையைப் பழக்கலாம், ஆனால் தொழுவத்தில் கட்ட வேண்டியதில்லை.

1981-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரமாக வேண்டும். பதிலிகளுக்கு விடிவு காலம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது என்ன? 480-ஐத் தொடவிடாமல் ஆளை மாற்றுவது பல இடங்களில் வழக்கமானது. 2000-களில் கொங்கு, திண்டுக்கல் பக்கத்து மில்கள் சிலவற்றில் சின்ன வயசுப் பெண்பிள்ளைகளை மூணு வருஷத்துக்குப் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கினார்கள். கடைசியில் கல்யாணச் செலவுக்கு என்று ஒரு மொத்தத் தொகை. சுமங்கலித் திட்டம் என்று பெயர். சில மாதத்தில் கற்றுக்கொள்ளும் வேலைக்கு மூணு வருஷப் பயிற்சி! பழகுநர் என்ற சொல் கெட்டுப்போனது அங்கேதான்.

இதற்கு நடுவில் திருப்பூர் ஒரு தனிக் கதை. 1970-களுக்குப் பிறகு பனியன் ஏற்றுமதி சூடுபிடித்தபோது ஆள் பற்றாக்குறை. அனுபவம் கேட்டால் கம்பெனி ஓடாது. அதனால் எவன் வந்தாலும் 'கைமடி'யாகச் சேர்த்தார்கள். டெய்லர் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் டெய்லர் எழுந்து போனதும், கைமடிப் பையன் வேஸ்ட் துணியைப் போட்டு மிஷினை ஓட்டிப் பார்ப்பான். கொஞ்ச நாளில் டெய்லர், அப்புறம் காண்ட்ராக்ட், சிலர் முதலாளி. முதலாளி ஆனவர்களில் பலருக்கு முதல் கொடுக்கச் சொந்தபந்தம் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் மிஷின் பழக யாரும் காசு கட்டவில்லை.

இப்போது அந்தச் செலவு எங்கே வந்து நிற்கிறது? எங்க பக்கத்துத் தோட்டத்துப் பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தான். போன இடமெல்லாம் முன் அனுபவம். கடைசியில் ஒரு இடத்தில் பயிற்சிக் கட்டணம் கட்டினால் வேலைக்கு அனுப்புவோம் என்றார்கள். அவன் அப்பா கறவை மாடு இரண்டைப் பிடித்துக் கொடுத்துத்தான் பணம் கட்டினார். பால் ஊற்றிய காசில்தான் அந்த வீட்டில் மளிகை வாங்கினார்கள். ஆறு மாசம் கழித்து அவனுக்குக் கிடைத்தது ஏஜென்சி மூலமாக ஒரு காண்ட்ராக்ட் வேலை, பதினோரு மாசத்துக்கு. ஆசாரி, மில், அரசாங்கம் என்று மாறி மாறித் தாங்கிய நட்டம் இப்போது அப்பன் தொழுவத்தில் வந்து இறங்கியிருக்கிறது.

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சின்ன யூனிட் வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார்: "ஆறு மாசம் துணியக் கெடுத்துக் கத்துக்கறானுங்க. ஏழாவது மாசம் அடுத்த கம்பெனிக்காரன் அம்பது ரூபா சேத்திக் குடுத்தா போயிடறான். நான் எதுக்குங்க சொல்லிக் குடுக்கோணும்?" அவர் சொல்வது பொய் இல்லை. பிறப்பு, முன்பணம், ஒப்பந்தம் என்று அந்தக் காலத்தில் பழகினவனைக் கட்டிவைத்த கயிறுகளை நாம் அறுத்தோம். அறுக்க வேண்டியவைதான். ஆனால் கயிறு இல்லாத இடத்தில் பழக்கும் செலவை யார் தாங்குவது என்பதை முடிவு செய்யாமலே விட்டுவிட்டோம். எல்லோரும் அடுத்தவன் பழக்கட்டும் என்று காத்திருந்தால், சந்தையில் பழகின காளை எங்கிருந்து வரும்?

வழி இல்லாமலும் இல்லை. தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் கேரளாவில் ஒரு பயிற்சி ஆரம்பித்தது. பிறகு தமிழ்நாட்டிலும் நடத்தினார்கள். மரம் ஏறியே பழக்கமில்லாத இளவட்டங்களுக்கு 6 நாள் பயிற்சி, ஏறுகிற கருவி இலவசம். சொல்லிக் கொடுக்கும் செலவை ஒரு தோப்புக்காரர் தலையில் கட்டாமல் வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆறு நாள் பழக்கத்துக்கே இப்படிப் பொதுவில் ஒருவர் செலவழிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வருஷப் பழக்கம் தானாக வந்துவிடுமா?

இதைப் படிக்கிறவர்களில் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். அடுத்த விளம்பரத்தில் '2 வருட அனுபவம்' என்று போடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த வேலையை உங்க ஆபீஸிலேயே கற்றுக்கொடுக்க உண்மையில் எத்தனை நாள் ஆகும்? மூணு மாசம் என்று விடை வந்தால், மூணு மாசத்துக்குக் கோணல் சாலைப் பொறுத்துக்கோங்க.