லயமும் ஊரும்: மலையகத் தோட்ட மக்களும் உள்ளூராட்சியும்

ஓர் ஊரின் பொதுக் கருமங்களை அவ்வூரவரே கூடித் தீர்மானித்தல் உள்ளூராட்சியின் அடிப்படையாகும். பாதை, மதகு, குடிநீர், சந்தை, மயானம் என்பனவே அதன் கருமங்கள். இவை அற்பமானவையாகத் தோன்றலாம். எனினும், ஒரு மனிதன் அரசு என்பதை முதன்முதலில் எதிர்கொள்வது இவற்றின் ஊடாகவே. இலங்கையின் உள்ளூராட்சி வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் நிரலாகவே கூறப்பட்டு வருவதுண்டு. அந்நிரலைச் சற்றுக் கூர்ந்து நோக்குமிடத்து அதனூடே ஒரு வினா தொடர்ந்து வருதலைக் காணலாம். ஊரவர் என்போர் யாவர் என்பதே அவ்வினா. மலையகப் பெருந்தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்கு ஏறத்தாழ 130 ஆண்டுகளாக ஒரே விடையே அளிக்கப்பட்டது. விடையின் வாசகம் காலத்துக்குக் காலம் மாறிற்று. அதன் பயன் மாறவில்லை.

பிரித்தானியர் ஆட்சியிலே கிராம மன்றங்களுக்குப் புத்துயிர் அளிக்கும் முயற்சி நீர்ப்பாசனத்திலிருந்து தொடங்கிற்று. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், வயற்காரர் தம் பழைய வழக்கங்களைத் தாமே கூடி நடைமுறைப்படுத்த இடமளித்தது. சேர் ஹெர்குயூலிஸ் றொபின்சன் காலத்தில், 1871இல், கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் பிறந்தது. பாதைகள், கிணறுகள், வேலிகள் முதலியன பற்றி விதிகள் ஆக்கும் அதிகாரம் இதன்மூலம் கிராமத்தவருக்குக் கிடைத்தது. அரசாங்க அதிபரின் மேற்பார்வையும் தலைமைக்காரரின் ஆதிக்கமும் அதனுடன் சேர்ந்தே வந்தமையால் அதனைக் குடியாட்சி எனல் மிகையாகும். ஆயினும், கூடிப் பேசும் ஓர் அரங்கு ஏற்பட்டது என்பதை மறுத்தல் இயலாது.

அவ்வரங்கிலே தோட்டத் தொழிலாளருக்கு இடம் இருந்ததா என்பதை ஆராயுமுன் அக்காலத் தோட்டத்தின் தன்மையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். 1871இல் மலையகம் கோப்பி நாடாகவே இருந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் பெருந்தொகையான கைகள் தேவைப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். வந்து போகின்றவனை ஊரவனாகக் கொள்ளாமை அக்காலத்தில் யாருக்கும் விந்தையாகத் தோன்றியிராது. ஆனால் 1870களில் இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கிற்று. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு தங்க நேர்ந்தது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் லயன் காம்பராக்களிலே நிலைகொண்டனர். வந்து போகின்ற கூலிகளாக இருந்தோர் நிலையான குடிகளாக மாறிய காலம் இதுவே. இக்காலத்திலேதான் 1889ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் ஐரோப்பியர், பறங்கியர் ஆகியோருடன் இந்தியத் தோட்டத் தொழிலாளரையும் கிராமச் சங்கத்துக்குப் புறம்பாக நிறுத்திற்று. ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் இவ்விலக்கு ஓர் இழப்பன்று. அவர்களுக்கு வேறு அரங்குகள் இருந்தன. தொழிலாளருக்கோ வேறெதுவும் இருக்கவில்லை.

கிராமத்துக்குப் புறம்பான தோட்டம் ஆட்சியற்ற நிலமன்று. அங்கே வேறோர் ஆட்சி நடைபெற்றது. தோட்டத்துரை அதன் தலைவர். அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என ஒரு படிநிலை அமைந்திருந்தது. விடியலில் தப்பொலி எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு ஆளை அழைப்பது முதல், எந்த லயத்துக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பது வரை அனைத்தும் அப்படிநிலையின் வழியே தீர்மானிக்கப்பட்டன. பிள்ளை பிறந்தாலும் முதியவர் இறந்தாலும் அதனைப் பதிவாளருக்கு அறிவித்தற்பொருட்டுச் செல்ல வேண்டிய இடம் தோட்டக் காரியாலயமே. கிராமத்தில் விதானையாரிடமும் கச்சேரியிலும் பங்கிடப்பட்டிருந்த அதிகாரம் தோட்டத்தில் தொழில் வழங்குபவரின் கையிலேயே குவிந்திருந்தது. கூலி கொடுப்பவரே குடிநீரும் கொடுப்பவராக இருக்குமிடத்துக் குடிநீரைப் பற்றி முறையிடுதல் கூலியைப் பணயம் வைப்பதாகவே முடியும். தோட்ட மக்களின் பணிவு என்று பலர் எழுதிய பண்பு உண்மையில் இவ்வமைப்பின் விளைவு எனலாம்.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. வதிவிடத் தகுதி பற்றிய நிபந்தனைகளுக்கு உட்பட்டேனும் தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் அரசாங்க சபைத் தேர்தலிலே வாக்களித்தனர். இங்கே ஒரு முரண் தோன்றிற்று. நாடு முழுவதற்கும் சட்டம் ஆக்கும் சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் உரிமை பெற்றவர், தம் லயத்துக்கு எதிரே செல்லும் பாதையின் மதகு பற்றி வாய் திறக்கும் உரிமை அற்றவராக இருந்தனர்.

1936இல் உள்ளூராட்சி அமைச்சராகப் பதவியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க கிராமச் சங்கங்களைச் சீர்திருத்த முற்பட்டார். தலைமைக்காரரின் பிடியிலிருந்து அவற்றை விடுவித்துத் தெரிவு செய்யப்பட்ட தலைவரின் கையில் ஒப்படைத்தமை அவருடைய பெருஞ்சாதனைகளுள் ஒன்றாகும். எனினும், அதே சீர்திருத்தமே தோட்ட மக்களைப் பொறுத்தவரையில் பழைய கதவை மீண்டும் அடைத்தது. 1937இல் கொண்டுவரப்பட்ட மசோதா ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் இருந்த தடையை நீக்கியது. இந்தியத் தொழிலாளருக்கு இருந்த தடையை அவ்வாறே வைத்துக்கொண்டது. இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. இனத்தின் பெயரால் விலக்குதல் வெளிப்படையான பாகுபாடு என்ற கண்டனத்துக்கு அளிக்கப்பட்ட விடை மிகவும் நுட்பமானது. இந்தியர், இலங்கையர் என்ற வேறுபாடின்றித் தோட்டத்திலே வதியும் தொழிலாளர் அனைவருக்கும் கிராமச் சங்க வாக்குரிமை இல்லை எனச் சட்டம் திருத்தப்பட்டது. சொல்லளவில் இது சமத்துவம். ஆனால் லயங்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ முற்றும் இந்தியத் தமிழரே என்பதை அறியாதார் எவரும் அச்சபையில் இருந்திருக்க முடியாது.

இவ்விடத்தில் மறுபக்கத்தின் நியாயத்தையும் நோக்குதல் தகும். கண்டிய விவசாயியின் அச்சம் கற்பனையானதன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் பின்னர் காடும் சேனையும் தோட்டங்களாக மாறின. பல கிராமங்கள் தேயிலை மலைகளின் இடையே அகப்பட்டுக்கொண்டன. தோட்டத்தில் உள்ளவர் அனைவரும் வாக்களித்தால் தம் சிறு சங்கமும் தம் கையைவிட்டுப் போய்விடும் என அவர்கள் கருதினர். துரையின் சொற்படி தொழிலாளர் வாக்களிப்பர் என்ற ஐயமும் இருந்தது. இவ்வச்சத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதற்குக் காணப்பட்ட தீர்வு விவசாயிக்கு ஒரு காணி நிலத்தையும் மீட்டுத் தரவில்லை. ஒரே ஓடையின் மேற்புறத்தில் லயமும் கீழ்ப்புறத்தில் வயலும் இருக்க, இரு சாராரும் ஓரிடத்திற் கூடிப் பேசும் வாய்ப்பே அற்றுப்போயிற்று. இதனால் உண்மையில் நன்மையடைந்தவர் தோட்டத்துரையே.

1937ஆம் ஆண்டின் விவாதத்தில் கவனிக்க வேண்டிய பொருள் இதுவே: விலக்கின் அடிப்படை இனத்திலிருந்து இடத்துக்கு மாற்றப்பட்டது. லயத்தில் வதிதல் என்பது ஒரு சட்டத் தகுதியீனமாயிற்று. இனத்தின் பெயரால் எழுதப்பட்ட சட்டத்தை எதிர்ப்பது எளிது; நிலத்தின் பெயரால் எழுதப்பட்டதை எதிர்ப்பது அத்துணை எளிதன்று. பின்னைய வரலாறு இதனை நன்கு காட்டுகின்றது.

1939 யூலையில் ஜவகர்லால் நேருவின் வருகையின்போது இலங்கை இந்தியர் காங்கிரஸ் அமைக்கப்பட்டது. அரசாங்கப் பகுதிகளிலே இந்திய நாட்கூலித் தொழிலாளரை நீக்க எடுக்கப்பட்ட முடிவு அதற்கு உடனடிக் காரணம். கிராமச் சங்க வாக்குரிமை மறுக்கப்பட்டமையும் அக்காலத்து மனக்குறைகளுள் ஒன்று. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இந்தியத் தமிழர் 780,589 பேர். நாட்டின் மக்கட்டொகையில் நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். அடுத்து வந்த 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் பாராளுமன்ற வாக்குரிமையையும் அவர்களிடமிருந்து பறித்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் கணக்காக்கிற்று. இவை பலராலும் விரிவாக எழுதப்பட்டவை. உள்ளூராட்சியின் நோக்கில் ஒன்றை மட்டும் கூறலாம்: நாடற்றவர் என்ற பெரும் அவலத்தின் முன்னே, ஊரற்றவர் என்ற சிறிய அவலம் மறக்கப்பட்டது.

அந்த வெற்றிடத்தைத் தொழிற்சங்கம் நிரப்பிற்று. தோட்டக் கமிட்டியின் தலைவர் சம்பளப் பிரச்சினையை மட்டுமன்றி, ஒழுகும் கூரை, அடைபட்ட கான், மலசலகூடம், கோயில் திருவிழா ஆகிய அனைத்தையும் துரையிடம் எடுத்துச் சென்றார். தலைவர் என்ற சொல்லுக்கு மலையகத்தில் உள்ள தனிப்பொருள் இவ்வாறு வந்ததே. கிராமசபை செய்ய வேண்டியதைச் சங்கம் செய்தது என்பது பெருமைக்குரியதே. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. சங்கம் சந்தா செலுத்தும் தொழிலாளரின் அமைப்பு; குடியிருப்போரின் அமைப்பன்று. ஓய்வுபெற்ற முதியவரும், கொழும்புக் கடைகளிலே வேலை செய்து மாதமொருமுறை வீடு திரும்பும் இளைஞரும், வீட்டிலிருக்கும் பெண்களும் அதில் உரிமையோடு பேச இயலாது. இன்று தோட்டத்தில் வதிவோரிற் பெரும்பாலார் தோட்டத் தொழிலாளர் அல்லர் என்பதை நினைவுகூர்ந்தால் இக்குறையின் அளவு விளங்கும்.

1981இல் கிராமசபைகளும் பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவை நீடிக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இன்றுள்ள அமைப்பை ஏற்படுத்திற்று. 1988ஆம் ஆண்டிலும் பின்னர் 2003ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களால் நாடற்றோர் பிரசாவுரிமை பெற்றனர். மலையக மக்கள் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தனர், உறுப்பினராயினர், தவிசாளர் ஆசனத்திலும் அமர்ந்தனர். பழைய விலக்கு முடிந்தது என்றே எவரும் கருதியிருப்பர். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுதற்குத் தடையாக விளங்கிற்று. தோட்டத்து வீதி பொதுவீதியன்று. தோட்ட நிர்வாகத்துக்கு உரியது என்பதே அதன் தருக்கம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அந்நிலம் அரசுடைமையாகி, 1992இன் பின்னர் கம்பனிகளின் முகாமைக்கு விடப்பட்டதென்பது இத்தருக்கத்தை அசைக்கவில்லை. தோட்ட மக்களின் வாக்கினால் தவிசாளரான ஒருவர் தம்மைத் தெரிவு செய்த லயத்துக்கு ஒரு மின்குமிழ் பொருத்தவும் சட்டத்தை நோக்க வேண்டியவரானார்.

இத்தடையோடு சபைகளின் பருமனும் சேர்ந்துகொண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்; அப்பெயர்களைக் கொண்ட பிரதேச சபைகளின் கீழேயே அவர்களிற் பெரும்பாலார் இருந்தனர். அதே காலத்தில் சுமார் நான்காயிரம் பேர் வாழும் நெடுந்தீவுக்குத் தனியான பிரதேச சபை இருந்தது. நெடுந்தீவின் உரிமையை யாரும் குறைகூறப் போவதில்லை. கடல் சூழ்ந்த ஊருக்குத் தன் சபை வேண்டும். தேயிலை சூழ்ந்த ஊர்களுக்கு அது வேண்டாமா என்பதே வினா. நீண்டகாலக் கோரிக்கையின் பின்னர், 2018 தேர்தலுக்கு முன்பாக இவ்விரு சபைகளும் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகியவற்றைச் சேர்த்து ஆறு சபைகளாயின.

ஊர்க் கருமங்கள் பற்றிய சொல் கேட்கப்படாமையின் விலை சில வேளைகளில் உயிராகவும் அமையும். 2014 ஒக்தோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் அபாயமானது, மக்களை அகற்ற வேண்டும் என 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. காணியை வழங்குவது யார், வீட்டைக் கட்டுவது யார், எச்சரிக்கையை நிறைவேற்றுவது யார் என்பன அரசுக்கும் தோட்டத்துக்கும் இடையே நின்றன. அபாயத்தில் வாழ்ந்தோர் கூடித் தீர்மானம் நிறைவேற்றக்கூடிய சபை ஒன்று, அதனைச் செயற்படுத்தும் அதிகாரத்தோடு, அங்கே இருக்கவில்லை.

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாராளுமன்றம் பிரதேச சபைகள் சட்டத்தைத் திருத்தி, தோட்டப் பகுதிகளில் வீதி, கிணறு முதலிய பொதுவசதிகளைச் சபைகள் அமைக்க வழிசெய்தது. எனினும் அத்திருத்தம் தோட்ட நிர்வாகத்தைக் கலந்தாலோசித்தலையும் வேண்டி நின்றது. அத்திருத்தத்தின் கீழ் இயங்கிய முதற் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தல் நிதியில்லை எனக் கூறி நடத்தப்படவில்லை. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயலென 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடைபெறும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகள் உறுப்பினரின்றி அலுவலரின் பொறுப்பில் இருந்தன. புதிய உறுப்பினர் பதவியேற்றபோதும், அவர்களுக்கு வாக்களித்த பல குடும்பங்கள் வாழும் லயத்தின் நிலமும் அதற்குச் செல்லும் பாதையும் தோட்டத்தின் பதிவேட்டிலேயே இருந்தன.