தாமதம் தொடங்கும் இடம்

சித்திரையில் மலையைவிட்டு இறங்கும் அழகர் ஒரே மூச்சில் மதுரைக்குப் போய்விடுவதில்லை. வழிநெடுக மண்டகப்படிகள்; ஒவ்வொன்றிலும் நின்றுதான் நகர்கிறார். அதற்குள் தங்கை மீனாட்சியின் கல்யாணம் முடிந்துவிடுகிறது என்பது எங்கள் பக்கத்துக் கதை. அழகருக்கு அந்த நிற்றல் மரியாதை. அழகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி பாஸ்போர்ட் எடுக்கக் கிளம்பினால் அவளும் நின்று நின்றுதான் போகவேண்டியிருந்தது. அவளுக்கு அதில் மரியாதை எதுவும் கிடைத்ததில்லை.

பாஸ்போர்ட் தாமதத்தைக் குறைத்த வரலாற்றை அரசு நாட்கணக்கில் சொல்கிறது. விண்ணப்பம் கொடுத்த நாளில் அந்தக் கணக்கு தொடங்குகிறது. பெண்களின் தாமதம் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது என்பதே என் வாதம்.

வெளிநாடு செல்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்து, 1977 ஜூலையில், மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கிய அரசு காரணம் சொல்ல மறுத்தது. உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும் என்று 1978 ஜனவரி 25 அன்று தீர்ப்பு வந்தது. நாட்டு மக்கள் அனைவருக்கும் பயன்பட்ட இந்தத் தீர்ப்பு ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்டிலிருந்து பிறந்தது. ஆனாலும் திருமணமான பெண்ணைத் தனிக் குடிமகளாக ஏற்க விண்ணப்பப் படிவத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று.

2007 இறுதியில் மதுரையில் பாஸ்போர்ட் அலுவலகம் வரும்வரை எங்கள் மாவட்டத்தார் திருச்சிக்குத்தான் போகவேண்டும். ஆணுக்கு அது ஒருநாள் பேருந்துப் பயணம். பெண்ணுக்கோ துணைக்கு ஓர் ஆள் வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள் வேண்டும், கூலியும் போகும். 2010இல் பெங்களூரிலும் சண்டிகரிலும் தொடங்கிய பாஸ்போர்ட் சேவைத் திட்டம் 2012க்குள் நாடெங்கும் 77 மையங்களாக விரிந்தது. முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு போகலாம் என்றானது. 2017 ஜனவரியில் மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும் தொடங்கி அஞ்சலகங்களுக்கும் இச்சேவை வந்தது. இவற்றை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அலுவலகம் பக்கத்தில் வந்தால் முதலில் பயன்பெறுபவள் பெண்தான்.

ஆனால் படிவம் பழையதாகவே இருந்தது. திருமணமானவளிடம் திருமணச் சான்றிதழோ, கணவனும் சேர்ந்து கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த உறுதிமொழிப் பத்திரமோ கேட்டார்கள். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானதே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்குமுன் கோயிலிலும் வீட்டு வாசலிலும் தாலி கட்டிக்கொண்டவர்கள் சான்றிதழுக்கு எங்கே போவார்கள்? போதாக்குறைக்கு இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ரேஷன் கார்டில் கணவனின் எழுத்து. ஒரே பெண் தாளில் இரண்டு பேராகிவிடுவாள்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் அம்மா, மூத்த மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போக விரும்பினார். கணவர் வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருடம். “அவரோட கையெழுத்து இருக்காம்மா?” என்று பிரவுசிங் சென்டரிலேயே கேட்டுவிட்டார்கள். அவர் திரும்பிவிட்டார். பேரப்பிள்ளை தவழத் தொடங்கியபோதும் அவர் மேலூரில்தான் இருந்தார். விண்ணப்பமே பதிவாகாததால் எந்தத் தாமதக் கணக்கிலும் அவர் வரவில்லை.

2016 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், தனித்து வாழும் தாயின் மகளுக்குத் தந்தை பெயரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அந்த டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. தாய், தந்தை, பாதுகாவலர் இவர்களில் ஒருவர் பெயர் போதும். திருமணச் சான்றிதழ் வேண்டாம். பிரிந்தவர்கள் துணைவரின் பெயரையோ மணவிலக்குத் தீர்ப்பையோ தரவேண்டாம். நோட்டரிக்குப் பதில் வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழி. இணைப்புப் படிவங்கள் பதினைந்திலிருந்து ஒன்பதாயின. பெண்களைப் பொறுத்தவரை தாமதத்தைக் குறைத்த பெரிய சீர்திருத்தம் இதுதான் என்பேன். இதற்குக் கணினி தேவைப்படவில்லை. சில வரிகளை நீக்கினால் போதுமாயிருந்தது.

விதி மாறினாலும் வழக்கம் சுலபத்தில் மாறுவதில்லை. மணவிலக்கு வழக்கு நிலுவையில் இருந்த ஒரு பெண்ணிடம் கணவனின் கையெழுத்து கேட்கப்பட்டு, அவ்வழக்கு 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பாஸ்போர்ட்டுக்குக் கணவனின் அனுமதி தேவையில்லை, திருமணத்தால் பெண் தன் அடையாளத்தை இழப்பதில்லை என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தெளிவுபடுத்தினார். 1978க்கும் இதற்கும் இடையே 47 ஆண்டுகள்.

இன்னொரு கணக்கும் உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காத பெண், 30 வயதாகும்வரை வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போக அரசு அனுமதிப்பதில்லை. பாதுகாப்பு என்பது காரணம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் 22 வயதுப் பெண்ணுக்கு அது எட்டு ஆண்டுத் தாமதம். அதே படிப்பும் அதே வயதும் உள்ள அவள் தம்பிக்கு அந்த வயது வரம்பு இல்லை.