சான்றிதழும் உரிமமும்: அமெரிக்க மாநிலங்களில் பேச்சு-மொழி சிகிச்சைத் தொழில் சட்டத்துக்குள் வந்த வழி

தொழில் உரிமங்களின் வரலாற்றை ஆராய்வோர் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மனைக் கடந்துதான் போக வேண்டும். 1962இல் வெளிவந்த ‘முதலாளித்துவமும் சுதந்திரமும்’ நூலின் ஒன்பதாம் இயலில் அவர் அரசுக் கட்டுப்பாட்டை மூன்று படிகளாகப் பிரித்தார்: பெயர்ப் பதிவு, சான்றளிப்பு, உரிமம். உரிமம் வேண்டுமென்று சட்டமன்றத்தை நெருக்குபவர்கள் ஏமாந்த வாடிக்கையாளர்கள் அல்லர், அத்தொழிலில் இருப்பவர்களே என்பது அவர் வாதம். யார் தகுதியானவர் என்று தெரிந்துகொள்ளச் சான்றிதழ் போதும்; அதற்கு மேல் எழுப்புவது போட்டியாளரைத் தடுக்கும் வேலி என்றார். மருத்துவரை விரிவாக எடுத்துக்கொண்டாலும், எல்லாத் தொழில்களுக்கும் பொதுவாகவே அவர் இதைச் சொன்னார். பேச்சு-மொழி சிகிச்சைத் தொழிலின் வரலாறு இந்த வாய்பாட்டுக்குள் அடங்கவில்லை என்பது என் துணிபு.

முதல் இடறல், படிகளைப் பற்றியது. ஃபிரீட்மன் சான்றிதழை உரிமத்துக்கு மாற்றாக வைக்கிறார். இங்கோ சான்றிதழே உரிமத்துக்கு அடித்தளமானது. அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம் (ஆஷா) 1952 முதல் சான்றளித்து வந்தது. 1965இல் முதுகலைப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஃபுளோரிடா முதன்முதலாக மாநில உரிமம் கொண்டுவந்தது 1969இல். முதுகலைப் பட்டம், மேற்பார்வையில் சிகிச்சையளித்த மணிநேரம், தேசியத் தேர்வு, படிப்புக்குப் பிந்தைய மேற்பார்வைப் பணி என்று இன்று மாநிலங்கள் கேட்பவை பெரும்பாலும் ஆஷா வகுத்தவற்றை ஒட்டியவை. வருவாய் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கான கூட்டரசு விதியும் தகுதியை வரையறுக்கையில் ஆஷா சான்றிதழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தனியார் சங்கத்தின் அளவுகோலை அரசு கையில் எடுத்துக்கொண்டதே தன் கூற்றுக்குச் சான்று என்று ஃபிரீட்மன் தரப்பு சொல்லக்கூடும். வலுவான மறுப்புதான். அதனாலேயே ஒரு சட்டப்பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

கலிஃபோர்னியாவின் வணிக, தொழில் சட்டத் தொகுப்பில் 2530.5ஆம் பிரிவு விலக்குகளைச் சொல்கிறது. ஆசிரியர் தகுதிச் சான்று ஆணையத்தின் உரிய சான்று பெற்று, பொதுப் பள்ளியின் ஊழியராக, அப்பள்ளியின் எல்லைக்குள்ளோ அதிகாரத்தின் கீழோ பணிபுரிபவரை இந்தச் சட்டம் தடுக்காது. ஆனால் ஒரு நிபந்தனை: பள்ளி தரும் சம்பளத்துக்கு மேல், பொதுமக்களிடம் கட்டணம் பெற்றுச் சிகிச்சை தரக்கூடாது, தர முன்வரவும் கூடாது. திக்குவாய் உள்ள ஒரு சிறுவனுக்குக் காலையில் பள்ளி அறையில் பயிற்சி தருபவருக்கு உரிமம் வேண்டாம். அதே ஆள், அதே சிறுவனுக்கு, அதே பயிற்சியை மாலையில் கட்டணம் வாங்கிக்கொண்டு தந்தால் உரிமம் வேண்டும். நோயோ சிகிச்சை முறையோ இந்தக் கோட்டைத் தீர்மானிக்கவில்லை. பணம் எந்த வழியாக வருகிறது என்பதே தீர்மானிக்கிறது.

ஃபிரீட்மன் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். 1910இல் சிகாகோ பொதுப் பள்ளிகள் பேச்சுத் திருத்த ஆசிரியர்களை அமர்த்தியது முதலே இத்தொழிலுக்குப் பள்ளிதான் பெருங்களம். இன்றும் தொழிலில் இருப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கேதான் பணிபுரிகிறார்கள். மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான 1975ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் அந்தக் களத்தை இன்னும் அகலமாக்கியது. போட்டியை ஒழிப்பதற்காக வேலி போட்டவர்கள் இவ்வளவு பெரிய களத்தை வேறொரு ஆணையத்தின் கையில் விட்டுவைப்பார்களா? பள்ளியில் பிழை நேர்ந்தால் பதில் சொல்ல ஒரு நிர்வாகம் இருக்கிறது. பெற்றோர் நேரே கட்டணம் கட்டும் இடத்தில் அப்படி நடுவே யாரும் இல்லை. உரிமம் அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது என்றே கொள்கிறேன். கல்வித்துறையோடு மோத முடியாமல் விட்டுக்கொடுத்தார்கள் என்றும் வாதிடலாம். சட்டத்தின் வாசகத்தை மட்டும் வைத்து அதை மறுத்துவிட முடியாது.

உரிமத்தை ஆதரிப்போரின் ஒரு வாதத்தையும் ஏற்பதற்கில்லை. இத்தொழிலினர் விழுங்கல் கோளாறுகளுக்கும் சிகிச்சையளிக்கிறார்கள்; உணவு மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே உரிமம் தேவை என்பார்கள். இன்றைக்கு அது முழு உண்மை. ஆனால் விழுங்கல் கோளாறுகள் பற்றி ஜெரி லோகமன் எழுதிய அடிப்படை நூல் வந்ததே 1983இல். பிற்காலத்து ஆபத்தை ஃபுளோரிடாவின் 1969க்குள் கொண்டுபோய் வைப்பது வரலாறாகாது.

வருமானத்துக்காகவே உரிமம் என்பதற்கு எதிராக இன்னும் இரண்டு செய்திகள். தனியே தொழில் நடத்தும் பேச்சு-மொழி சிகிச்சையாளர், முதன்மையாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிடம் நேரடியாகக் கட்டணம் கோர முடிந்தது 2009 ஜூலையில்தான். ஃபுளோரிடாச் சட்டத்துக்கு நாற்பது ஆண்டு கழித்து. அடுத்தது, உரிமத்தைத் தக்கவைப்பதற்கான நிபந்தனைகள். கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு 24 மணிநேரம் தொடர்கல்வி பெற வேண்டும். நியூயார்க்கில் உரிமம் ஆயுளுக்கும் உண்டு, ஆனால் தொழில் செய்ய மூன்று ஆண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; அதற்கு 30 மணிநேரம். இந்தச் சுமை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது. ஃபிரீட்மனின் வாய்பாட்டில் இதற்கு இடமில்லை.

காலவரையறையைப் பொறுத்தவரை, 1969ஐத் தொடக்கமாகக் கொள்வதே வழக்கம். நான் 1965ஐயே முன்வைப்பேன்; பின்னால் சட்டமான தகுதி அந்த ஆண்டில்தான் வடிவம் பெற்றது. கடைசி மாநிலங்கள் உரிம முறைக்குள் வந்ததோ 2010களில். இடைப்பட்ட காலத்தில், விரும்பினால் பெறலாம் என்றிருந்த சான்றிதழ் எப்போது தவிர்க்க முடியாததாயிற்று என்பதற்கு ஒற்றை ஆண்டைச் சுட்ட முடியாது. அது மாநிலத்துக்கு மாநிலம் மட்டுமல்ல, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இடையிலேகூட வேறுபட்டது.