பந்தய வண்டியும் பந்தய வீடும்

மாப்பிள்ளையூரணியில் நின்று பார்த்தால் இரண்டு உலகம் தெரியும். கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் உப்பளம், அப்புறம் தருவைகுளம், பட்டினமருதூர் என்று வள்ளமும் வலையுமான ஊர்கள். கடலை விட்டு உள்ளே திரும்பினால் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல். பருத்தி, உளுந்து, கம்பு, சோளம். கடலை நம்பியவர்களுக்கும் காட்டை நம்பியவர்களுக்கும் ஒரு காலத்தில் பொதுவாக இருந்தது மாட்டு வண்டி. பாத்தியில் வாரிய உப்பும் கரிசலில் எடுத்த பருத்தியும் வண்டியேறித்தான் தூத்துக்குடிக்கு வந்தன. லாரி வந்த பிறகு சுமை போயிற்று. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு ஏரும் போயிற்று. அதற்குப் பிறகும் நம் பக்கத்துத் தொழுவங்களில் காளை நிற்கிறதென்றால் அதற்குப் பெரிய காரணம் வண்டிப் பந்தயம். நம் ஊர் விழா மலரில் பந்தயத்தைப் பற்றி எழுதும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

தை பிறந்தால் ஓர் ஊர், சித்திரை வைகாசியில் கோவில் கொடை என்றால் இன்னோர் ஊர் என்று தூத்துக்குடி மாவட்டத்தில் வண்டிப் பந்தயத்துக்கு ஓய்வு குறைவு. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலய விழாவிலும் வண்டிகள் ஓடும். வடக்கே கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா என்றால் 200 மீட்டர், 300 மீட்டர். ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் கணக்கிடுவார்கள். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இதற்கென்றே சவாரித் திடல்கள் உண்டு. நம்முடையது வேறு. தார் ரோட்டில் வண்டிகள் எல்லாவற்றையும் ஒன்றாக அவிழ்த்து விடுவது. எல்லையைத் தொட்டுத் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வருவது. கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் மைக்கில் இன்றும் மைல்தான். பெரிய மாட்டுக்குப் போகவர 10 மைல் என்றால் 16 கிலோமீட்டர். சின்ன மாட்டுக்கு அதைவிடக் குறைவு, பூஞ்சிட்டு என்கிற பிரிவுக்கு இன்னும் குறைவு. வண்டி அதிகம் பதிந்துவிட்டால் சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாக ஓட விடுவார்கள்.

ஒரு வண்டியில் இரண்டு பேர். சாரதி கயிறு பிடிக்கிறவர். துணைச் சாரதிக்கு வண்டியில் இடம் இருந்தாலும் அவர் உட்காருவது கொஞ்ச நேரந்தான். வேகம் தளரும் இடத்தில் குதித்து, மாட்டோடு மாடாக ஓடி, குரல் கொடுத்து, ஓடுகிற வண்டியிலேயே மறுபடி தாவி ஏற வேண்டும். வெறுங்காலோடு தாரில் ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாரத்தான் ஓடுகிறவரை ஊரே கைதட்டி வரவேற்கிறது, சரிதான். காளையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடும் இந்த மனிதரையும் ஓட்டக்காரர் என்றுதான் நாம் எழுத வேண்டும். பல வண்டிகளில் இந்த இருவரும் அண்ணன் தம்பி, அல்லது மாமன் மருமகன். ஒருவர் குரலின் ஏற்ற இறக்கம் மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் வெளியாளைச் சேர்ப்பதற்கு முன்னால் வீட்டுக்குள்ளேதான் ஆள் தேடுவார்கள்.

பந்தயம் ஓடி முடிவது ஒரு மணி நேரத்துக்குள். அதற்குப் பின்னால் இருப்பது வருஷம் முழுவதும் நடக்கும் வீட்டு வேலை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்ட வேண்டும். புண்ணாக்கும் தவிடும் உளுந்தும் நேரம் தவறாமல் வேண்டும். பந்தயம் நெருங்கினால் பேரீச்சம்பழம் கூடச் சேரும். விடியுமுன் நடை, பிறகு மணலிலோ உழுத காட்டிலோ பயிற்சி, வாரத்தில் சில நாள் கண்மாயில் நீச்சல். லாடம் தேய்ந்ததா, குளம்பில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். இதில் பாதிக்கு மேல் பெண்கள் கையில். ஆண்கள் வேலைக்குப் போன பின் பகல் முழுவதும் காளையின் முகம் பார்த்து அதன் உடம்பு சொல்கிறவர்கள் அவர்கள்தான். "அண்ணாச்சி, நேத்து ராத்திரி செவலை தண்ணியே தொடல. இன்னிக்கு வண்டி பூட்டாதிய" என்று ஒரு மதினி சொன்னால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, அந்தச் சொல்லுக்கு மேல் சாரதி பேச மாட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பைக்கட்டைப் போட்டதும் முதலில் போவது தொழுவத்துக்கு. யாரையும் அண்டவிடாத காளை அந்தப் பிள்ளை கையில் கயிற்றைக் கொடுத்தால் ஆட்டுக்குட்டியாக நடக்கும்.

ஆனால் மைக்கில் வருவது ஊர்ப் பெயர், உரிமையாளர் பெயர், அடுத்து சாரதி பெயர். அத்தோடு சரி. பரிசுக் குத்துவிளக்கு மேடையில் ஒருவர் கைக்குப் போய்ப் படமாகிறது. விளக்கைத் துடைத்து ஏற்றப் போகிறவர் அந்தப் படத்தில் இல்லை.

இந்த மரபு ஒரு முறை அறுந்து மறுபடி ஒட்டியது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும். நாடே ஜல்லிக்கட்டு வழக்கு என்று பேசிய விவகாரத்தின் வேர், நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் கோவில் விழாவுக்கு வண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கேட்டுப் போன ஒரு மனு. அந்த வழக்கில் 2006 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பந்தயத்தோடு ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்தது. மேல்முறையீடு, 2009இல் மாநில அரசின் ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம், 2011இல் காட்சி விலங்குகளாகப் பயன்படுத்தக் கூடாதவற்றின் பட்டியலில் காளையைச் சேர்த்த மத்திய அரசின் அறிவிக்கை என்று இழுத்துக்கொண்டே போய், 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் வண்டிப் பந்தயத்துக்கும் சேர்த்தே தடை விதித்தது. 2017 ஜனவரியில் தடையை நீக்கக் கோரி மெரினாவில் இளைஞர்கள் கூடியதும் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களின் திருத்தச் சட்டங்களும் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

தடை இருந்த பொங்கல்களில் காளையை வைத்திருந்த வீடுகளை நான் தனியாக வணங்குகிறேன். ஓடாத காளைக்கும் தீனி உண்டு. வண்டியிழுக்கும் வேலை இல்லை, பரிசு இல்லை, வாங்க வருகிறவர் எல்லாம் அடிமாட்டு விலை சொல்கிறவர். அப்படியும் விற்காமல் கட்டிவைத்திருந்தவர்கள் இல்லையென்றால், சட்டம் திரும்பி வந்தபோது ஓடுவதற்கு மாடு இருந்திருக்காது. அந்த முடிவு எடுக்கப்பட்டது அடுப்படியில். வீட்டுச் செலவில் எதைக் குறைத்துப் புண்ணாக்கு வாங்குவது என்று கணக்குப் போட்டவர்கள் எடுத்த முடிவு அது.

நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட புகார்களை வெளியூர்க்காரர் சொன்னது என்று ஒதுக்கிவிடுவது நமக்கு நல்லதல்ல. தார்க்குச்சியில் ஆணி வைத்ததும், வாலைக் கடித்ததும் முறுக்கியதும், கண்ணில் எரிச்சல் உண்டாக்கியதும் எங்கேயோ நடந்தவைதான். பெற்ற பிள்ளை போல வளர்த்த காளையின் மேல் அதைச் செய்ய எந்த வளர்ப்பு வீட்டுக்கும் மனசு வராது. செய்கிறவர் பெரும்பாலும் பந்தயத்துக்கு முதல் நாள் காளையைக் கைமாற்றி வாங்கி ஓட்டுகிறவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். ஆகவே வளர்க்கிற வீட்டுக்குப் பந்தயத்தில் உரிமை கூடக் கூட வதை குறையும் என்பது என் உறுதியான எண்ணம். கால்நடை மருத்துவர் பார்க்கும்போது வளர்த்தவர் பக்கத்தில் நிற்கட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் வண்டியை இறக்கிவிடுவோம்.

இன்னொன்று, வண்டிகளுக்குப் பின்னால் கூட்டமாகப் பாயும் மோட்டார் சைக்கிள்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டே ஹாரனை அலறவிட்டு வருகிறார்கள். ஹாரனுக்கு மிரண்ட காளை எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரோட்டோரம் நிற்கிறவர்கள் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். கடற்கரைச் சாலையில் துறைமுக லாரியும் உப்பு லாரியும் ஓடுவதால் காவல் துறை நமக்கு ஒதுக்கும் நேரமே அதிகாலையில் கொஞ்சம். அந்த நேரத்தில் ரோட்டில் வண்டியும், தேவைக்கு ஒரு ஆம்புலன்சும், நடுவர் வாகனமும் போதும். பைக்கை எடுத்து வருகிற தம்பிமார் பந்தயம் தொடங்குமுன்பே எல்லைக்குப் போய், அதை ஓரமாக நிறுத்திவிட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் நின்று பார்க்கலாம். அங்கே வண்டி திரும்பும் அழகைப் பின்னால் துரத்துகிறவர்கள் யாரும் பார்த்ததே கிடையாது. வலது மாட்டைப் பிடித்து இடது மாட்டை வீசித் திருப்புகிற அந்த நொடியில்தான் சாரதியின் கை தெரியும். முன்னால் வந்த வண்டி பின்னால் போவதும் பின்னால் வந்தது முந்துவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கடற்கரை ஊர்களில் இருந்து பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு வீடே உழைக்கிறது என்ற இந்தக் கணக்கு மீன்பிடிக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கடலுக்குப் போகிறவர் நாலு பேர் என்றால் வலை பின்னி, பழுது பார்த்து, மீனை விலை பேசி விற்கிறவர்கள் கரையில் எத்தனை பேர்! உங்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து நில்லுங்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களும் வாருங்கள். மழைக்குப் பின் பாத்தி மிதித்து வேலை தொடங்கும் நேரமாக இருந்தாலும், ஒரு காலைப் பொழுது இதற்குக் கொடுங்கள்.

வண்டி பதிகிறவர்களிடம் விழாக் குழு சார்பில் ஒரு வேண்டுகோள். பதிவுத் தாளில் ஊர், உரிமையாளர், சாரதி, துணைச் சாரதி பெயர்களோடு காளைகளின் பெயரையும், அவற்றுக்குத் தினமும் தண்ணீர் காட்டுகிறவர் பெயரையும் எழுதித் தாருங்கள். அம்மாவாக இருந்தால் அம்மா பெயர், ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையாக இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயர். மைக்கில் எல்லாப் பெயரையும் வாசிப்போம்; பரிசு வாங்க அவர்களையும் மேடைக்கு அழைப்போம். அடுத்த மலரில் வண்டிகளின் பட்டியல் அந்தப் பெயர்களோடுதான் அச்சாகும்.