கற்றல் நோக்கமும் பாடத்திட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் நாள் பாடத்திட்டத்தில், ‘இப்பாட இறுதிக்குள் மாணவர்கள்’ என்னும் தொடக்கம் நமக்கு நன்கு பழக்கமானதாகும். அதனைத் தொடர்ந்து ‘பட்டியலிடுவர்’, ‘விளக்குவர்’, ‘எழுதுவர்’ என வினைமுற்றுகள் அமைகின்றன. நாள்தோறும் எழுதிப் பழகியமையால் இவ்வமைப்பு என்றும் இருந்து வந்ததுபோல் தோன்றுகின்றது. உண்மையில் இஃது இருபதாம் நூற்றாண்டில் உருவானதாகும். எத்தேவையின் பொருட்டு இது தோன்றியது என்பதனை அறிந்தால், இதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெளிவாகும்.

டைலரின் நான்கு வினாக்கள்

அமெரிக்காவில் 1933 முதல் 1941 வரை நடைபெற்ற எட்டாண்டு ஆய்வில் மதிப்பீட்டுப் பணிக்குத் தலைமை தாங்கியவர் ரால்ஃப் டைலர். அவர் 1949இல் வெளியிட்ட சிறுநூல் நான்கு வினாக்களை எழுப்பிற்று. எந்நோக்கங்களை அடைய வேண்டும்? அவற்றிற்கேற்ற கற்றல் அனுபவங்கள் யாவை? அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது? நோக்கம் நிறைவேறியதை எவ்வாறு அறிவது? ஆசிரியர் செய்வதையோ பாடத் தலைப்பையோ நோக்கமெனக் கூறுதல் போதாது. மாணவரிடம் நிகழ வேண்டிய மாற்றமே நோக்கம் என்பது அவர் கருத்து. மாணவர், சமுதாயம், பாடத்துறை ஆகிய மூன்றனையும் ஆராய்ந்த பின்னரே நோக்கத்தை வகுக்க வேண்டும் எனவும் அவர் வலியுறுத்தினார்.

தேர்வறையிலிருந்து வகுப்பறைக்கு

1948இல் பாஸ்டன் நகரில் கூடிய கல்லூரித் தேர்வாளர்கள் தம்முள் வினாக்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொதுச் சட்டகம் வேண்டுமென எண்ணினர். அம்முயற்சியின் பயனாகவே 1956இல் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழுவினரின் அறிவுசார் களத்திற்குரிய வகைப்பாடு வெளிவந்தது. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என்பன அதன் ஆறு படிகள். வினாத்தாள் தயாரிப்போருக்கென எழுந்த கருவி நாளடைவில் பாடம் திட்டமிடுவோரின் வழிகாட்டியாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

1962இல் ராபர்ட் மேகர் இதனை மேலும் இறுக்கமாக்கினார். செயல், சூழல், தரஅளவு ஆகிய மூன்றும் நோக்கத்தில் இடம்பெறல் வேண்டும் என்றார். ‘தரப்பட்ட பத்துத் தொடர்களுள் எட்டிலேனும் வலிமிகும் இடத்தைச் சரியாகக் குறிப்பர்’ என நாம் எழுதின், அம்மூன்றும் அதில் அடங்கும். இலக்கணப் பாடத்திற்கு இம்முறை பெரிதும் துணைபுரிகின்றது. ஆசிரியர் தாம் எதனைக் கற்பிக்கின்றார் என்பதில் ஐயம் நீங்குகின்றது. மாணவர் எங்கே தடுமாறுகின்றார் என்பதும் புலனாகின்றது.

மறுப்புக் குரல்

எனினும், கலைக்கல்வி அறிஞர் எலியட் ஐஸ்னர் 1967இல் இப்போக்கினை மறுத்து எழுதினார். கற்பித்தலின் விளைவுகள் அனைத்தையும் முன்கூட்டியே சொற்களில் வரையறுத்தல் இயலாது என்பது அவர் வாதம். ஓர் ஓவியத்தையோ கவிதையையோ எதிர்கொள்ளும் மாணவர் பெறுவது ஒருவருக்கொருவர் வேறுபடும். அதனை முன்னரே ஓர் அளவுக்குள் அடக்குதல் பொருந்தாது.

நம் பள்ளிகளில்

மலேசியாவில் 1983இல் தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்றும் அதன் அடித்தளம். 2011இல் தொடங்கிய தரஅடிப்படையிலான கலைத்திட்டம் உள்ளடக்கத் தரம், கற்றல் தரம் ஆகியவற்றை ஆசிரியர் முன் வைத்தது. புளூமின் வகைப்பாடு 2001இல் திருத்தப்பட்டபோது ‘உருவாக்குதல்’ உச்சப் படியாயிற்று. உயர்நிலைச் சிந்தனைத் திறனைப் பற்றிய நம் பேச்சிலும் அதன் செல்வாக்கைக் காண்கின்றோம்.

முடிவுரை

செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்துக் குறள் ஒன்றைக் கற்பிப்பதாகக் கொள்வோம். மாணவர் அதனைப் பிழையின்றி ஒப்புவிப்பதையும் பொருள் கூறுவதையும் அப்பாட வேளைக்குள் அளந்துவிடலாம். நன்றியுணர்வு வேரூன்றியதா என்பதை அவ்வேளைக்குள் அளத்தல் இயலாது. அதன் பொருட்டு அளக்கக்கூடிய நோக்கத்தைக் கைவிட வேண்டுவதில்லை. அளக்கவியலாததை மறத்தலும் தகாது. பாடத்திட்டத்தின் முதல் வரியை எழுதுமுன், ‘இம்மாணவருக்கு இது ஏன் வேண்டும்?’ என நாம் வினவுதல் நன்று. டைலர் மாணவரை ஆராயச் சொன்னதன் பயன் அவ்வினாவிலேயே தொடங்குகின்றது எனலாம்.