கணக்கியல் சுழற்சியின் வளர்ச்சி: வெனிசுப் பேரேடு முதல் ஆண்டறிக்கை வரை

முன்னுரை

குறிப்பேட்டில் பதிதல், பேரேட்டில் எடுத்தெழுதுதல், இருப்பாய்வு தயாரித்தல், சரிக்கட்டுதல், இறுதிக் கணக்குகள் தயாரித்தல், கணக்குகளை முடித்தல் என்னும் வரிசையை வணிகவியல் மாணவர் ஒரே பாடமாகக் கற்கின்றனர். ஆனால் இவை ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. முதல் மூன்றும் வணிகர் தம் கணக்கைத் தாமே சரிபார்க்கக் கண்ட வழிகள். பின்னவை வேரூன்றியதற்குக் காரணம், கடைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கணக்குக் காட்ட நேர்ந்ததே என்பது இக்கட்டுரையின் கருத்து.

இத்தாலியத் தொடக்கம்

புளோரன்சு வணிகரான ஜொவான்னி ஃபரோல்ஃபியின் நிறுவனம் பிரான்சின் சலோன் நகரில் வைத்திருந்த கிளையின் 1299-1300ஆம் ஆண்டுப் பேரேடு, இரட்டைப் பதிவு முறையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. முன்கூட்டிச் செலுத்திய வாடகையை முழுவதும் அவ்வாண்டின் செலவாகக் கொள்ளாமல், எஞ்சிய பகுதியை அடுத்த ஆண்டுகளுக்கு ஒதுக்கிய பதிவு அதில் உண்டு. இன்றைய சரிக்கட்டுப் பதிவின் வித்து இது. ஜெனோவா நகராட்சியின் 1340ஆம் ஆண்டுக் கணக்குகளும் இரட்டைப் பதிவில் எழுதப்பட்டவை.

பாச்சோலி வகுத்த ஒழுங்கு

வணிகரிடையே வழங்கிய இம்முறையை, பிரான்சிஸ்கன் துறவியும் கணித அறிஞருமான லூக்கா பாச்சோலி, 1494இல் வெனிசில் அச்சான தம் கணித நூலின் ஒரு பகுதியில் விளக்கினார். முதலில் உடைமைகளின் பட்டியல்; அதன்பின் மூன்று ஏடுகள். நடந்ததை நடந்தபடியே எழுதும் முதல் ஏட்டில் முதலாளி, பணியாளர், எழுதத் தெரிந்த வீட்டுப் பெண்கள் என யாரும் பதியலாம். பல நாணயங்களில் எழுதியவை ஒரே நாணயத்துக்கு மாற்றப்பட்டு, பற்று, வரவு பிரிக்கப்பட்டுக் குறிப்பேட்டில் ஏறும். அங்கிருந்து ஒவ்வொரு பதிவும் பேரேட்டில் இருமுறை எழுதப்படும். பற்றை எழுதியதும் ஒரு கோடு, வரவை எழுதியதும் மற்றொரு கோடு எனக் குறிப்பேட்டில் அடித்துக்காட்டுவர். விடுபட்டது எதுவெனப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

பேரேட்டை முடிக்கும்போது இலாபமும் நட்டமும் முதல் (மூலதனக்) கணக்குக்கு மாறும். பற்றுகளின் கூட்டுத்தொகையும் வரவுகளின் கூட்டுத்தொகையும் ஒத்திருந்தால் ஏடு சரி. ஆண்டுதோறும் கணக்கை முடிப்பது, அதிலும் கூட்டு வணிகத்தில், நல்லது என்றார் பாச்சோலி. எனினும் ஏடு நிறைந்தபோதோ ஒரு வணிக முயற்சி முடிந்தபோதோ கணக்கை மூடுவதும் அக்கால வழக்கமே. தனி அறிக்கையாக இருப்புநிலைக் குறிப்பை அவர் விளக்கவில்லை.

வெளியாருக்கான கணக்கு

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் சைமன் ஸ்டெவின், ஆண்டிறுதியில் பேரேட்டுக்கு வெளியே தனித்தாளில் முதலின் நிலையைக் கணித்து, அதை இலாப நட்டத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறையைக் காட்டினார். பிரிட்டனின் 1844ஆம் ஆண்டுக் கூட்டுப் பங்கு நிறுமச் சட்டம், தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பைப் பங்குதாரர்களுக்கு வழங்கப் பணித்தது. 1856இல் அக்கட்டாயம் தளர்ந்தது. 1900ஆம் ஆண்டுச் சட்டம் தணிக்கையை மீண்டும் கட்டாயமாக்கியது. முதலிட்டவர் ஒருவராகவும் நிர்வகிப்பவர் வேறொருவராகவும் ஆனபோது, ஆண்டுக் கணக்கு விருப்பம் என்ற நிலையிலிருந்து கடமையாக உயர்ந்தது.

முடிவுரை

பதிவு, எடுத்தெழுதல், இருப்பாய்வு ஆகியவை கூட்டல் பிழையைக் காட்டும். சரிக்கட்டலும் இறுதிக் கணக்குகளும் ஓர் ஆண்டின் இலாபம் உண்மையில் எவ்வளவு எனக் காட்டும். முன்னது எழுத்தரின் ஒழுங்கு. பின்னது நம்பி முதலிட்டவருக்குச் செலுத்தும் கடன். இவ்வேறுபாட்டை வரலாற்றோடு சேர்த்துக் கற்பித்தால், ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பது மாணவருக்கு விளங்கும்.