மேசையும் ரேந்தையும்

ராஜபாளையத்து மில்களின் சங்கொலி கேட்டு வளர்ந்த நமக்கு நூல் புதிதன்று. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலை, சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறிச் சேலை என நம் வட்டாரமே நூலால் உண்டு வாழ்வது. ஆயினும், நம் இல்லங்கள் சிலவற்றின் அலமாரிகளில் பூண்டுருண்டையோடு உறங்கும் வெண்ணிற ரேந்தை விரிப்புகள் தெற்கிலிருந்து வந்தவை.

மேசை, அலமாரி, ரேந்தை ஆகிய மூன்றுமே போர்ச்சுகீசியர் நமக்கு விட்டுச் சென்ற சொற்கள். சொல் முந்தி வந்தது. தொழில் பிந்தி வந்தது. 1819இல் நாகர்கோவில் வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், தம் பள்ளிச் சிறுமியருக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855இல்தான் அது முற்றாக ஒழிந்தது. அதற்கு முன்னரே, பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் உண்டு. சீமையில் எவரோ விருந்துண்ட மேசைமீது கிடந்த பூவேலை, இங்கொருத்தியின் அடிமை ஓலையைக் கிழித்தது என்பதை நினைக்கையில் நமக்கு மெய்சிலிர்க்கிறது.

நம் திருச்சபையில் இப்பணியைச் செய்தவர் அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்தர். ரேந்தைக்குப் பேர்பெற்ற பெல்ஜிய நாட்டிலிருந்து 1897இல் முளகுமூடு வந்தவர். அவர் தொடங்கிய துறவற சபையின் சகோதரிகள் அநாதைச் சிறுமியர்க்கும் ஏழைப் பெண்களுக்கும் ரேந்தையும் பூத்தையலும் பயிற்றுவித்தனர்.

ரேந்தைக்கு ஊசி தேவையில்லை என்றால் பலர் நம்புவதில்லை. திண்டுமீது துளையிட்ட சித்திரத்தாளை வைத்து, துளைதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இணையிணையாக மாற்றிப் போட்டு முறுக்கவேண்டும். இப்படி நாள் முழுதும் குனிந்திருந்து பின்னினாலும் வளர்வது ஒரு சிறு கீற்றே. அவ்வாறு பின்னியவர் வீட்டில் மேசையே இருந்திராது. தரையில் அமர்ந்தே கஞ்சி குடித்திருப்பர்.

முன்னாளில் திருப்பலிப் பீடத்துக்கு மூன்று விரிப்புகள் கட்டாயம். சங்கத்துக்குப் பின் வந்த புதிய ஒழுங்கில் ஒன்றே போதும் என்றாயிற்று. பழையவை பெட்டிக்குள் போயின. அண்மையில் ஓர் ஆலயத்தில், பாலியஸ்டர் விரிப்பு வாங்கியபின், பழைய ரேந்தைத் துணியால் குத்துவிளக்கு துடைத்துக்கொண்டிருந்தனர். கேட்டு வாங்கி வந்தோம். எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. ஓரத்துத் திராட்சைக் கொடியில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.